பக்கத்து மரத்து வௌவாலைப் பற்றி எழுதுவதற்கு முன்

அடர்காட்டுப் புலியைப் பற்றி எழுதினால் வாசகர் வியந்து படிப்பார். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். நகரத்து மரநாயைப் பற்றி எழுதினால் நிலைமை வேறு. அது அவருடைய கூரைக்குள்ளேயே இருக்கிறது. படித்து முடித்த கையோடு அவர் ஏணி வைத்து ஏறிப் பொந்தை அடைக்கலாம், கூண்டு வைக்கச் சொல்லி யாரையாவது கூப்பிடலாம், குட்டிகள் வளரும்வரை சில வாரம் பொறுத்துக்கொள்ளவும் செய்யலாம். அவர் எதைச் செய்வார் என்பதில் என் பத்திக்கும் பங்கு உண்டு. எந்த நிறுவனத்திலும் சேராமல் சுயாதீனமாக நகர உயிரினங்களையும் சுற்றுச்சூழல் அறிவியலையும் பற்றி எழுதிவருகிறேன். இந்த வேலையில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வைப்பது இந்தப் பொறுப்பைத்தான்.

பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகத் தொங்கிய ஒரு மரத்தைப் பற்றி எழுதப் போனபோது இது எனக்கு மிக நெருக்கமாகப் புரிந்தது. மரத்தை வெட்டச் சொல்லித் தெருவாசிகளில் ஒரு பகுதியினர் மனுக் கொடுத்திருந்தார்கள். வெட்டக் கூடாது என்று இன்னொரு பகுதியினர் மனுக் கொடுத்திருந்தார்கள். நோய் அபாயத்திலிருந்து கட்டுரையைத் தொடங்கச் சொன்னார் ஆசிரியர். வெட்டச் சொன்னவர்களிடம்தான் நான் முதலில் போனேன். வண்டிகள் மேல் எச்சம், விடியற்காலைக் கூச்சல், ஜன்னலைத் திறக்கவிடாத வாடை என்று அவர்கள் சொன்ன எதுவும் மிகையில்லை. விலங்கு ஆர்வலர்களிடம் மட்டும் பேசிவிட்டு எழுதினால், அந்த மரத்தடியில் குடியிருப்பவர் இரண்டாம் பத்தியைத் தாண்ட மாட்டார். உண்மையில் அந்தக் கட்டுரை சென்று சேர வேண்டியவர் அவர்தான். அங்கே ஒரு பாட்டி என்னைக் கேட்டார்: "ஏம்மா, என் பேரனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீ எழுதிக் குடுப்பியா?"

எழுதிக் கொடுக்க முடியாது. வௌவால்களிடம் மனிதருக்கு ஆபத்தான சில வைரஸ்கள் இருப்பது உண்மை. வௌவால்களைக் காப்பாற்றும் ஆசையில் அதை மறைத்தால் நான் பத்திரிகையாளராக இருப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அந்தப் பாட்டியின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது: ஆபத்து எந்த வழியாக வருகிறது, அந்த வழியை எப்படி அடைப்பது? அதற்கு அறிவியலில் பதில் தேடலாம்.

1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஹெண்ட்ரா என்ற பகுதியில், ஒரு புதிய வைரஸ் குதிரைகளையும் அவற்றைப் பயிற்றுவித்தவரையும் கொன்றது. அந்த வைரஸின் இருப்பிடம் பழந்தின்னி வௌவால்கள் என்று பின்னர் தெரியவந்தது. ஆனால் இதுவரை அறியப்பட்ட மனித நோயாளிகள் அனைவருக்கும் அது குதிரைகளிடமிருந்தே தொற்றியிருக்கிறது. 25 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த ஒரு குழுவின் முடிவுகள் 2022இல் 'நேச்சர்' இதழில் வெளியாயின. குளிர்காலத்தில் பூத்து வௌவால்களுக்கு உணவு தந்த காடுகள் அழிந்ததால், அவை சிறு கூட்டங்களாகப் பிரிந்து நகரங்களுக்கும் பண்ணைகளுக்கும் வந்தன. உணவுத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு குதிரைகளுக்கு வைரஸ் தாவுவது கூடியது. மிச்சமிருந்த காடுகள் குளிர்காலத்தில் நன்றாகப் பூத்த சமயங்களில் வௌவால்கள் அங்கே திரும்பின, வைரஸ் தாவவில்லை. உகாண்டாவின் கிடாக்கா சுரங்கத்தில் மனிதருக்கு உயிராபத்தான மார்பர்க் வைரஸ் பரவும் என்ற பயத்தில் வௌவால்களைக் கூண்டோடு அழித்தார்கள். சில ஆண்டுகளில் வேறு வௌவால்கள் அங்கே குடியேறின. சோதித்தபோது, தொற்றுள்ளவற்றின் விகிதம் முன்பைவிடக் கூடியிருந்தது.

இவற்றை எல்லாம் படித்த பிறகு கட்டுரையின் வடிவமே மாறிவிட்டது. நோயை மறைக்காமல், அது பரவும் வழியை விளக்கினேன். கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடக் கூடாது. அணில், பறவை, வௌவால் கடித்த பழத்தைச் சாப்பிடக் கூடாது. கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இதைப் பெட்டிச் செய்தியாகக் கடைசியில் தள்ளாமல் நான்காவது பத்தியிலேயே வைத்தேன். மரத்தை வெட்டினால் வௌவால்கள் மறைந்துவிடாது, அடுத்த தெருவுக்குப் போகும் என்பதையும் சொன்னேன். பின்னர் தெருவாசிகளே பேசி, வண்டிகள் நிற்கும் பக்கத்துக் கிளைகளை மட்டும் குட்டிகள் இல்லாத பருவத்தில் கழிக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். அதில் என் கட்டுரைக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் அளந்து சொல்ல முடியாது. பாட்டி அதைப் படித்துவிட்டு, வாசற்கதவின் உட்பக்கத்தில் அந்தப் பத்தியை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார்.

நல்லெண்ணத்தில் எழும் கோரிக்கைகளையும் இப்படியே சோதித்துப் பார்க்க வேண்டும். சிறுத்தை தென்பட்டால் "பிடித்துக் காட்டில் விடுங்கள்" என்பார்கள். கேட்பதற்கு எல்லாருக்கும் நல்லதாகவே தோன்றும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2001இல் தொடங்கி அப்படித்தான் பிடித்து வேறிடங்களில் விட்டார்கள். வித்யா ஆத்ரேயாவும் சக ஆய்வாளர்களும் அதன் விளைவை ஆராய்ந்தபோது, ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல்கள் 17 ஆகக் கூடியிருந்தன. உயிரிழப்பில் முடிந்தவற்றின் விகிதமும் இரட்டிப்பாகியிருந்தது. அதே மாநிலத்தில் மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சுற்றி, 2011இலிருந்து வனத்துறையும் ஆய்வாளர்களும் குடிமக்களும் சேர்ந்து இயங்கினார்கள். பத்திரிகையாளர்களுக்குப் பயிலரங்குகளும் நடத்தினார்கள். பிடித்துக்கொண்டு போ என்று எழுதுவதை விடுத்து, குப்பையை அகற்று, இரவில் குழந்தைகளைத் தனியே வெளியே அனுப்பாதே என்று எழுதும் போக்கு அங்கே வலுப்பட்டது. சிறுத்தை பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் இந்த இரண்டு கதைகளையும் முதலில் படித்துவிட வேண்டும் என்பேன்.

அடுத்து எண்கள். நகர விலங்குச் செய்திகளில் "எண்ணிக்கை பெருகிவிட்டது" என்ற வாக்கியம் அடிக்கடி வரும். அதைக் கேட்டதும் நான் கேட்பது ஒன்றுதான்: யார் எண்ணியது? புகார்கள் கூடினால் விலங்குகள் கூடிவிட்டன என்று ஆகாது. கைபேசிக் கேமராவும் வாசற்கேமராவும் கூடியிருக்கலாம். புகாருக்குப் புதிய தொலைபேசி எண் வந்திருக்கலாம். பொதுமக்கள் தாங்கள் பார்த்த உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட் போன்ற இணையதளங்களின் தரவுகளும் அப்படியே. ஆட்கள் நடக்கும் பூங்காவில் பறவைகள் நிறையப் பதிவாகும். ஆள் போகாத சதுப்பில் எதுவும் பதிவாகாது. அந்த வரைபடத்தில் பறவைகளோடு சேர்ந்து பார்வையாளர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே என் தேடல் எப்போதும், நீண்ட காலமாக ஒரே முறையில் எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவரை நோக்கியே போகும். சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேவிட் வில்லார்ட் 1978இலிருந்து, மெக்கார்மிக் பிளேஸ் என்ற கண்ணாடிச் சுவர்க் கட்டடத்தில் மோதி இறந்த பறவைகளைச் சேகரித்துப் பதிவுசெய்யத் தொடங்கினார். செய்தியாகக்கூட யாரும் நினைக்காத வேலை. ஜன்னல்களில் எவை ஒளிர்ந்தன, எவை இருண்டிருந்தன என்ற குறிப்புகளும் பின்னர் சேர்ந்தன. அந்தப் பதிவுகளை வைத்து 2021இல் வந்த ஆய்வு, ஒளிரும் ஜன்னல் பரப்பைக் குறைத்தால் மோதல்கள் வெகுவாகக் குறையும் என்று காட்டியது. 2023 அக்டோபர் 5ஆம் தேதி அந்த ஒரே கட்டடத்தில் ஏறக்குறைய 1,000 வலசைப் பறவைகள் இறந்து விழுந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அது எவ்வளவு அசாதாரணம் என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய பல்லாயிரம் காலைகளில் ஒருவர் குனிந்து பறவைகளைப் பொறுக்கியதுதான். இத்தகையவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், பாம்பு பிடிப்பவர், ஏரிக்கரையில் நடைப்பயிற்சி போகும் ஒருவர் என்று யாராகவும் இருக்கலாம். அவர்களுடைய பழைய நோட்டுப் புத்தகங்களைப் பார்க்கக் கேளுங்கள். ஒரு செய்திக்குறிப்பும் அதற்கு ஈடாகாது.

2020 மார்ச்சில் ஊரடங்கின்போது வெனிஸ் கால்வாய்களுக்கு டால்ஃபின்கள் திரும்பிவிட்டதாக ஒரு காணொளி உலகம் முழுதும் பரவியது. அது சார்டினியாவின் ஒரு துறைமுகத்தில் எடுக்கப்பட்டது. மக்கள் நம்ப விரும்பினார்கள், நம்பினார்கள். அதே காலத்தில் சான்பிரான்சிஸ்கோவில் உண்மையாகவே ஒரு மாற்றம் நடந்தது. போக்குவரத்து இரைச்சல் அடங்கியதும் வெண்முடிச் சிட்டுகள் குரலைத் தாழ்த்தின. அவற்றின் பாட்டின் சுர வீச்சு விரிந்தது. ஆய்வாளர்களிடம் அந்தப் பறவைகளின் முந்தைய ஆண்டு ஒலிப்பதிவுகள் இருந்ததால் ஒப்பிட முடிந்தது. அது அதே ஆண்டில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. எனக்கு அந்தச் சிட்டின் கதை டால்ஃபின் கதையைவிடப் பல மடங்கு அழகானது. பரபரப்பான காணொளி வந்தால் முதல் பதிவு எது, யார் எடுத்தது, எங்கே என்று தேடுங்கள். காட்சியின் ஒரு படத்தை, அது இணையத்தில் முன்பு எங்கே வந்தது என்று காட்டும் ரிவர்ஸ் இமேஜ் தேடலில் போட்டுப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது சுருக்கத்துக்கு அடுத்து நான் நேராகச் செய்முறைப் பகுதிக்குப் போய்விடுவேன். ஜெர்மனியில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் 75 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்ற 2017ஆம் ஆண்டு ஆய்வு ஓர் உதாரணம். முக்கியமான ஆய்வு, தன்னார்வப் பூச்சியியலாளர்களின் பல்லாண்டு உழைப்பில் பிறந்தது. ஆனால் தலைப்புகள் "உலகின் பூச்சிகள் அழிகின்றன" என்றன. செய்முறைப் பகுதியோ, 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் வைத்த பொறிகள் என்றும், அளந்தது எடையை, இனங்களின் எண்ணிக்கையை அல்ல என்றும், பல இடங்களில் ஓர் ஆண்டு மட்டுமே பொறி வைக்கப்பட்டது என்றும் சொல்கிறது. இதை எழுதுவதால் ஆய்வின் கனம் குறையாது. வரம்பைச் சேர்த்துச் சொன்ன எண்ணை, மறுக்க வருபவர் எளிதில் வீழ்த்த முடியாது. வரம்பை விட்டுவிட்டு எழுதியதை ஒரே நாளில் வீழ்த்திவிடுவார், அதோடு பூச்சிகளின் வழக்கும் பலவீனப்படும். அமெரிக்காவில் கட்டடங்களில் மோதி இறக்கும் பறவைகள் பற்றிய 2014ஆம் ஆண்டு மதிப்பீடு ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை என்கிறது. பெரும்பாலும் "100 கோடி வரை" என்றே எழுதுகிறார்கள். நான் இரண்டு முனைகளையும் எழுதுவேன். எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதை அந்த இடைவெளியே வாசகருக்குச் சொல்லிவிடும்.

விஞ்ஞானிகளிடம் பேசுவது பற்றிக் கொஞ்சம். புதிதாக வருபவர்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தயங்க வேண்டியதில்லை. ஆய்வுக் கட்டுரையைப் பணம் கட்டினால்தான் படிக்க முடியும் என்றால், அதை எழுதிய முதன்மை ஆய்வாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். பேராசிரியரோடு நின்றுவிடாமல், வெயிலில் நின்று தரவு சேகரித்த ஆய்வு மாணவரிடமும் பேசுங்கள். எந்தப் பொறி எந்த மழையில் அடித்துப்போனது என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த ஆய்வில் பங்கில்லாத, அதே துறையைச் சேர்ந்த ஒருவரின் கருத்து இல்லாமல் நான் எதையும் அனுப்புவதில்லை. சக ஆய்வாளர் மதிப்பீடு முடியாத முன்பதிப்பு என்றால் அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுவேன். முழுக் கட்டுரையை முன்கூட்டி யாருக்கும் காட்டுவதில்லை. ஆனால் தொழில்நுட்ப வாக்கியங்களை மட்டும் தொலைபேசியில் வாசித்துக் காட்டிச் சரிபார்ப்பேன். அப்போது "இல்லை, அது அப்படி இல்லை" என்று அவர்கள் விளக்கத் தொடங்கும் இடத்தில்தான் பல நேரம் கட்டுரையின் மிகச் சிறந்த பத்தி கிடைக்கும்.

இடத்தைச் சொல்லலாமா என்பதில் நான் மிகக் கறாராக இருப்பேன். சீனாவில் 1999இல் விவரிக்கப்பட்ட கோனியூரோசாரஸ் லூய் என்ற பல்லி, செல்லப்பிராணி வணிகர்களின் கண்ணில் பட்டு, முதலில் கண்டெடுக்கப்பட்ட இடத்திலேயே இல்லாமல் போகும் அளவுக்குப் பிடிக்கப்பட்டது. ஆய்விதழில் இருந்த இடக்குறிப்பே வேட்டைக்காரருக்கு வழிகாட்டியது. செய்திக் கட்டுரையை இன்னும் எத்தனையோ பேர் படிப்பார்கள். கூகையின் கூடு, நட்சத்திர ஆமைகள் நடமாடும் காலி மனை, மலைப்பாம்பின் பொந்து ஆகியவற்றின் தெருப்பெயரை எழுத மாட்டேன். படக் கோப்பிலிருந்து ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிய பிறகே ஆசிரியருக்கு அனுப்புவேன். பின்னணியில் அடையாளம் காணக்கூடிய கட்டடம் இருந்தால் வேறு படம். அழிவபாயத்தில் உள்ள இனங்களின் துல்லிய இடத்தை ஐநேச்சுரலிஸ்ட்கூடத் தானாகவே மறைக்கிறது. குஞ்சுகள் உள்ள கூட்டை நெருங்கி எடுத்த படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாங்கவோ கொடுக்கவோ கூடாது. பறவையை வரவழைக்க அதன் குரலை ஒலிக்கவிட்டு எடுத்த படமும் எனக்கு வேண்டாம்.

பணம். சுயாதீனமாக எழுதுபவர் இதை ஒளித்துப் பேசக் கூடாது. "நகரத்தில் ஆந்தைகள்" என்பது பிட்ச் (ஆசிரியருக்கு அனுப்பும் கட்டுரை முன்மொழிவு) ஆகாது. இந்தக் கேள்வி, இந்த ஆய்வு, இந்த ஆட்கள், ஏன் இப்போது என்று நான்கைந்து வரிகளில் எழுதினால்தான் ஆசிரியர் நின்று படிப்பார். ஒப்புக்கொண்ட பிறகு, களத்துக்குப் போகும் முன்பே, எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு: சன்மானம் எவ்வளவு, பயணச் செலவு யாருடையது, ஒப்பந்தம் செய்த கட்டுரையைக் கைவிட்டால் எவ்வளவு தருவார்கள், வேறு மொழியில் மறுபடி விற்கும் உரிமை என்னிடம் இருக்குமா, படங்களுக்குத் தனிப் பணம் உண்டா. இவற்றைக் கேட்டதற்காக நல்ல ஆசிரியர் யாரும் என்னை ஒதுக்கியதில்லை. ஒரே களப்பணியிலிருந்து வெவ்வேறு கோணங்களில் இரண்டு மூன்று கட்டுரைகள் எழுத முடிந்தால்தான் இந்த வேலை வாழ்க்கையைத் தாங்கும். அந்த வௌவால் மரத்திலிருந்து நோயியல் கட்டுரை ஒன்றும், நகர மரங்களின் மகரந்தச் சேர்க்கை பற்றி ஒன்றும் வந்தன. பெரிய களப்பணிக்கு எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க், புலிட்சர் சென்டர் போன்ற அமைப்புகள் நிதியுதவி தருகின்றன. அவற்றுக்கு விண்ணப்பம் எழுதுவதே கதையைத் தெளிவாக யோசிக்க வைக்கும் பயிற்சி.

இரவில் தொலைநோக்கியோடு குடியிருப்புப் பகுதியில் நிற்கும் ஒருவரைப் பார்த்தால் சந்தேகம் வருவது இயல்பு. ஆகவே ஆசிரியரின் கையெழுத்திட்ட ஒரு கடிதம் எப்போதும் பையில் இருக்கும். போனவுடன் காவலாளியிடமும் பக்கத்து வீட்டாரிடமும் நானே போய்ச் சொல்லிவிடுவேன். அவர்களே பிறகு "அது தினமும் ஒன்பது மணிக்கு வரும்மா" என்று தகவல் தருவார்கள். வௌவால், நாய், நரி, குரங்கு என்று அலைபவர்கள் வெறிநோய்க்கான முன்தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் அவசியம் பேசுங்கள். ஊசி போட்டிருந்தாலும் கடிபட்டால் மறுபடி மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். காட்டுயிரைக் கையில் எடுப்பது அனுமதி பெற்றவர்களின் வேலை. கேமராவுக்காக ஒரு நொடி பிடித்துக்காட்டச் சொல்லி அவர்களை வற்புறுத்தக் கூடாது.

அரசு ஆவணங்களையும் மறந்துவிடாதீர்கள். மரம் வெட்ட அனுமதி, நீர்நிலை எல்லை, பூச்சிமருந்துக் கொள்முதல், பிடிபட்ட விலங்குகளின் பதிவேடு எல்லாம் எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்கின்றன. தகவல் பெறும் உரிமைச் சட்டம் உள்ள நாடுகளில் கேட்டு வாங்கலாம். பதில் வரத் தாமதமாகும். நிறுவனப் பத்திரிகையாளருக்குக் காத்திருக்க நேரம் கிடைப்பதில்லை, நமக்குக் கிடைக்கும். ஒரே சமயத்தில் பல விண்ணப்பங்களை அனுப்பி வைத்துவிட்டு வேறு கட்டுரைகளை எழுதிக்கொண்டிருப்பது என் வழக்கம்.

கட்டுரை வந்ததும், பேசிய எல்லாருக்கும் அனுப்புகிறேன். தெருவாசிகளுக்கு அச்சுப் பிரதியாகவே கொடுக்கிறேன். அடுத்த பருவத்தில் அங்கே திரும்பிப் போகும் தேதியையும் அன்றே குறித்துவைக்கிறேன். மெக்கார்மிக் பிளேஸில் பறவைகள் இறந்த செய்தியை உலகம் முழுதும் போட்டார்கள். 2024இல் அதன் கண்ணாடிகளில் சிறு புள்ளிகள் கொண்ட படலம் ஒட்டப்பட்டதும், அந்த இலையுதிர்கால வலசையில் இறப்புகள் பெருமளவு குறைந்ததும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கட்டடம் வைத்திருக்கும் ஒருவருக்கு முதல் செய்தியால் வருத்தம் வரும். இரண்டாவதைப் படித்தால் என்ன செய்யலாம் என்று தெரியும். இந்த இரண்டாம் கட்டுரைக்குப் பிட்ச் எழுதுவதும் எளிது. முதல் கட்டுரையின் இணைப்பு, மாறியிருக்கும் ஓர் எண், அதை எண்ணியவரின் பெயர் இருந்தால் போதும். ஆசிரியர் அன்றே பதில் போட்டுவிடுகிறார்.